தேருக்குப் பேரிங் மாற்றியவனுக்கு ஏன் உதவித்தொகை இல்லை?

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்ச் சங்கங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் இருந்து, வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை முடிவு செய்கிற பெரியவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவன். சென்னை அம்பத்தூரில் பிறந்து, டூல் ரூமில், அதாவது பாகங்களை அடிக்கிற டை, மோல்டுகளைச் செய்கிற பட்டறையில், வேலை கற்று, ஒரு கான்ட்ராக்டில் தென் ஆப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்து, மெரிபேங்கில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஓய்வு. "இந்தியாவிலிருந்து வந்தவன் நமக்குப் புத்தி சொல்கிறான்" என்று யாராவது முணுமுணுத்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் என் கைக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் கமிட்டியில் எல்லாருக்கும் சுலபமாகப் போய்ச் சேரும் என்று தெரியும். மகள் ஆங்கிலத்தில் ஒரு பிரதி போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள், அதுவும் கூடவே வரும். என்ன செய்வது, கோபம் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கோயில் தேரின் முன் சக்கரம் சுற்றவில்லை. எந்தக் கோயில் என்பது இங்கே முக்கியமில்லை. தேர் என்றால் நம் ஊர்த் தேர் மாதிரி மரச்சக்கரம் இல்லை. ஏதோ பழைய டிரெய்லரின் அச்சு, டயர், அதன் மேல் தட்டு கட்டி அலங்காரம் செய்கிறோம். போன திருவிழாவுக்குப் பிறகு மழையில் நின்றிருக்கிறது. கிரீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் படிக்கிற ஒரு பையன், மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து ரிசல்ட் கையில் வைத்திருந்தவன், யாரையும் கேட்காமல் ஜாக்கியை வைத்துத் தூக்கினான். ஹப்பைத் திறந்தான். பின்னை எடுத்து நட்டைக் கழற்றி, பித்தளைத் தண்டு ஒன்றை வைத்துத் தட்டித் தட்டி வெளி வளையத்தை வெளியே எடுத்தான். இரும்புத் தண்டை வைத்து அடித்தால் ஹப் காயமாகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒருதரம் கெடுத்துவிட்டேன் அங்கிள், அப்புறம் தெரிந்தது" என்றான்.

வளையத்தில் பொறித்திருந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அதே டேப்பர் ரோலர் பேரிங்கை வாங்கிக்கொண்டு வந்தான். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளுக்குள் அது பிதுங்கும்வரை அழுத்தினான். நட்டை நன்றாக இறுக்கி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, அப்புறம் கொஞ்சம் தளர்த்தினான். கடைசியில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஹப்பில் தொட்டு, சக்கரத்தைச் சுற்றிக் கேட்டான். அந்த நிமிஷம் எனக்கு அம்பத்தூர் நினைவு வந்தது. என் முதல் மேஸ்திரி இப்படித்தான் காதில் வைத்துக் கேட்பார்.

தேர் ஓடியது. பையனுக்கு மாலை போட்டார்கள், மைக்கில் பெயர் சொன்னார்கள். சரி. இரண்டு மாதம் கழித்து அதே பையன் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டான். டூல் மேக்கர் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும், அதற்கு முன்னால் டிவிஇடி காலேஜில், அதாவது அரசுத் தொழிற்கல்விக் கல்லூரியில், என்-2 என்கிற இரண்டாம் நிலைச் சான்றிதழ் முடிக்க வேண்டும், போக்குவரத்துக்கும் கருவிகளுக்கும் உதவி வேண்டும் என்று. படிவத்தில் இரண்டே கேள்விதான்: எந்தப் பல்கலைக்கழகம், என்ன பட்டம். இரண்டிலும் கோடு போட்டு அனுப்பினான். "விதிமுறைக்குள் வரவில்லை" என்று பதில் வந்தது. மாலை போட்டவர்களில் ஒருவர் அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் யாரையும் குற்றம் சாட்ட வரவில்லை. விதி அப்படி இருக்கிறது. அந்த விதியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் குறைவு. பெரிய வெள்ளிக்கிழமை அன்று அந்தக் கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிராஸ்பெக்டன், டொயோட்டா கார் ஆலை. ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி), ஃபார்ச்சூனர், 2021 முதல் கொரோலா கிராஸ், நாமும் பக்கத்து வீட்டுக்காரரும் ஏறிப் போகிற ஹையேஸ் டாக்ஸி எல்லாம் அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் உருவாகின்றன. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கைகளில் எத்தனையோ கைகள் மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அங்கே போகின்றன. ஆனால் நம் மேடைகளில் டாக்டர், வக்கீல், அக்கவுண்டன்ட் பெயர்தான் ஒலிக்கும். லைனில் நிற்கிறவனும், லைனை ஓட வைக்கிற டூல் ரூம்காரனும் கூட்டத்தில் பின்னால் நின்று கைதட்டுவார்கள்.

இந்த நாட்டில் கார்த் தொழில் நேற்று முளைத்தது இல்லை. போர்ட் எலிசபெத்தில், இப்போது கெபர்ஹா என்கிறோமே அங்கே, 1924-இல் ஒரு பழைய கம்பளிக் கிடங்கில் ஃபோர்டு மாடல் டி வண்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் அதே ஊருக்கு வந்தது. யூட்டன்ஹேகில் 1951-இல் முதல் பீட்டில். ஜெர்மனிக்கு வெளியே பிஎம்டபிள்யூவின் முதல் ஆலை பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில்தான், 1973-இல். டர்பன் கதை 1961-இல் தொடங்குகிறது: ஆல்பர்ட் வெசல்ஸ் என்ற வியாபாரி ஜப்பானிலிருந்து டொயோட்டா ஸ்டௌட் என்கிற சின்ன பக்கிகளைக் கொண்டு வந்தார், அடுத்த வருஷமே டர்பனில் அவற்றைப் பூட்டத் தொடங்கினார்கள். பிராஸ்பெக்டன் ஆலை 70-களில்.

என் மாமனார் கிளேர்வுட்டில் பிறந்தவர். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் 60-களில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது சட்டமே வெள்ளையருக்கென்று வேலைகளை ஒதுக்கி வைத்த காலம். அவர் சொல்வார்: "ஜிக் செய்தது நான், வரைபடத்தில் திருத்தம் போட்டது நான், ஆனால் ஆர்ட்டிசன் என்ற பெயரும் ஆர்ட்டிசன் சம்பளமும் பக்கத்து மேசைக்காரனுக்கு." ஆர்ட்டிசன் என்றால் தேர்வு முடித்துச் சான்றிதழ் வாங்கிய தொழிலாளி. அதற்கு அப்ரண்டிஸாகப் பதிந்துகொள்ளக்கூட அவருக்கு வழி இல்லை. கடைசிவரை அவர் காகிதத்தில் ஹெல்ப்பர். சாகும்போது அவர் கட்டிலுக்கடியில் இருந்த டூல் பாக்ஸில் அவரே இழைத்துச் செய்த ஒரு மூலைமட்டம் இருந்தது. என்னிடம் இருக்கிறது. இன்றைக்கும் அதில் வெளிச்சம் நுழையாது.

சட்டம் அன்றைக்கு அடைத்த கதவை இன்றைக்கு நம் படிவம் அடைக்கிறது என்று சொன்னால் மிகையாகத்தான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியது, எழுதிவிட்டேன்.

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் "நட்டு போல்ட்டு வேலைக்கு எதற்கு உதவித்தொகை" என்றார். 2024-இல் தென் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள் தயாராயின. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட வெளிநாட்டுக்குப் போனது. வண்டிகளும் பாகங்களும் சேர்த்துப் பார்த்தால் 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் கார்த் தொழிலும் கார் விற்பனையும் சேர்ந்து 5 சதவீதத்துக்குச் சற்று மேல். தொழிற்சாலை உற்பத்தியை மட்டும் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நேரடியாக வேலை பார்ப்பவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தத் தலைகளில் பெரும்பகுதி டொயோட்டா, ஃபோர்டு என்று பெயர் எழுதிய கேட்டுக்குள் இல்லை. சீட், கண்ணாடி, வயரிங், பம்பர், பிராக்கெட், சைலன்சர் செய்கிற கம்பெனிகளில் இருக்கிறது. நான் வேலை பார்த்ததும் அப்படி ஒரு கம்பெனியில்தான்.

அரசாங்கத்தின் கை இதில் பெரியது. 1995-இல் கொண்டுவந்த திட்டம், வண்டியை ஏற்றுமதி செய்தால் இறக்குமதி வரியில் கழிவு என்றது. அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியும் பத்து மாடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு மாடலை உலகத்துக்கே செய்ய ஆரம்பித்தது. 2013-இல் அது மாறி, உள்நாட்டில் எவ்வளவு மதிப்புச் சேர்க்கிறாயோ அவ்வளவு சலுகை என்றானது. இப்போது 2035 வரைக்குமான மாஸ்டர் பிளான் ஓடுகிறது. அதில் வருஷத்துக்கு 14 லட்சம் வண்டி, வேலைவாய்ப்பு இரட்டிப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இன்றைய 6 லட்சத்தைப் பார்த்தால் அந்த எண் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு இலக்கு சிரிக்க வேண்டியது இல்லை: ஒரு வண்டியில் உள்நாட்டுச் சரக்கு இப்போது 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அதை 60-க்குக் கொண்டுபோக வேண்டும் என்பது.

அந்த 20 சதவீதம் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது? ஒரு பாகத்தை இங்கே அடிக்க வேண்டும் என்றால் முதலில் அதற்கு டை வேண்டும், மோல்டு வேண்டும், அதாவது தகட்டை வெட்டி வளைக்கிற, பிளாஸ்டிக்கை வார்க்கிற அச்சு. அதைச் செய்ய ஆள் இல்லாததால் பெரும்பாலும் சீனாவிலோ கொரியாவிலோ செய்து கப்பலில் கொண்டுவருகிறார்கள். வந்த டை முதல் நாளே சரியாக அடிக்காது. தட்டிச் சரிசெய்ய, இழைக்க, ஷிம் (உயரம் சரிசெய்கிற மெல்லிய தகடு) வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கையும் இல்லை என்றால் பாகத்தையே இறக்குமதி செய்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நான் இருந்த இடத்தில் என் கண் முன்னால் இரண்டு பாகங்கள் அப்படிப் போயின. அவற்றோடு ஒரு பிரஸ் ஷாப் ஷிப்டும் போயிற்று.

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் புரியும். சீட்டுக்குக் கீழே வருகிற ஒரு பிராக்கெட். 2 மில்லிமீட்டர் தகடு. மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டுகிற பஞ்ச்சுக்கும் அடியில் இருக்கிற டைக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி; அதற்கு மேல் போனால் ஓரத்தில் பிசிறு வரும், பிசிறு வந்தால் சீட்டைப் பூட்டுகிறவன் கை கிழியும். அதிகாலை இரண்டு மணிக்குப் பஞ்ச்சின் முனை உதிர்ந்துவிட்டது. லைனில் கையிருப்பு நாலு மணி நேரத்துக்குத்தான். அந்த பிராக்கெட் போகவில்லை என்றால் சீட் போகாது, சீட் போகவில்லை என்றால் அங்கே லைன் நிற்கும், லைன் நின்றால் நிமிஷக் கணக்கில் அபராதம் பேசுவார்கள்.

எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார், சாட்ஸ்வொர்த்துக்காரர், 60 தாண்டியவர். வீட்டிலிருந்து கூப்பிட்டோம். ஸ்வெட்டருக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தார். டையைப் பிரஸ்ஸிலிருந்து இறக்கி, பஞ்ச்சை கிரைண்டிங் மெஷினில் போட்டு, உதிர்ந்த இடம் மறையும்வரை இழைத்தார். இழைத்தால் பஞ்ச் குட்டையாகிவிடும். அந்த அளவுக்கு அடியில் ஷிம் வைக்க வேண்டும். மைக்ரோமீட்டரை அவர் கடைசியில்தான் எடுத்தார்; முதலில் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நீலச் சாயத்தைப் பூசி மேலும் கீழும் பொருத்தி, எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்தார். நாலே முக்காலுக்கு முதல் பிராக்கெட் விழுந்தது. அதை எடுத்து ஓரத்தை உதட்டில் தடவினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "நகத்துக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும்" என்றார். (பாதுகாப்பு அதிகாரி பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பது வேறு கதை.)

அவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய டூல் பாக்ஸை வாங்கிக்கொள்ள ஓர் இளைஞன்கூட ஷாப்பில் இல்லை. ஒருவரும் அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் கற்றுக்கொள்ள ஒருவரையும் யாரும் அனுப்பவில்லை. அவர் மகனும் மகளும் பட்டதாரிகள். நன்றாக இருக்கிறார்கள், சந்தோஷம்தான்.

ஒரு கேட்டுக்குள் நடப்பது எத்தனை வீடுகளைத் தொடும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. ஏப்ரல் 11 ராத்திரி பெய்த மழை. சித்திரைப் பிறப்புக்கு மூன்று நாள் இருந்தது. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிராஸ்பெக்டன் முழுக்க ஏரி. ஆலைக்குள் வண்டிகள் கூரை மட்டும் தெரிய நின்றதைப் படமாகப் பார்த்திருப்பீர்கள். அங்கே லைன் மறுபடி மெதுவாக அசைய ஜூலை ஆகிவிட்டது. அத்தனை நாளும் எங்கள் ஷாப்பில் பிரஸ்கள் சும்மா நின்றன. குறை ஷிப்ட், குறைச் சம்பளம். மெரிபேங்கில் எங்கள் தெருவில் பொட்டலம் கட்டி விற்கிற அக்கா, சமோசா வியாபாரம் பாதியாகிவிட்டது என்றார். கோம்பி (மினிபஸ் டாக்ஸி) ஓட்டுகிறவர் காலை டிரிப் ஒன்றை நிறுத்திவிட்டார். 5 சதவீதம் என்று படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. அந்த அக்காவின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபோது தோன்றியது.

அந்த மூன்று மாதமும் எங்கள் கம்பெனியில் முழுச் சம்பளத்தில் இருந்தவர்கள் யார் தெரியுமா? டூல் ரூம் ஆட்கள். தண்ணீர் புகுந்த டைகளைத் துரு எடுத்து, இழைத்து, மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. ஆள் போதாமல் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். மேலே சொன்ன பெரியவர் வந்தார், ஸ்வெட்டரோடு.

இப்போது கொஞ்சம் சென்னைப் பேச்சு. நம் துறைமுகத்துக்குப் பாயிண்ட் பக்கமாகப் போனால் வண்டிக் கப்பல் நிற்பதைப் பார்க்கலாம். ஹைலக்ஸும் கொரோலா கிராஸும் ஏறிப் போகிற அதே துறையில் ஆயிரக்கணக்கில் சின்ன வண்டிகள் இறங்குகின்றன. நம் ரோட்டில் ஓடுகிற ஹூண்டாய் கிராண்ட் ஐ10 ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வருகிறது. சுசுகி, டொயோட்டா ஸ்டார்லெட் எல்லாம் வட இந்தியாவிலும் குஜராத்திலும் இருந்து. 2024-இல் இங்கே இறக்குமதியான கார்களில் எண்ணிக்கைப்படி முதலிடம் இந்தியாவுக்குத்தான். ஒரு காலத்தில் மதராஸிலிருந்து கப்பலேறி நாம் வந்தோம், இப்போது கார் வருகிறது.

அது எப்படி முடிந்தது? ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் வண்டி செய்ய ஆரம்பித்தபோது பாகம் செய்ய ஆள் தேடி அலையவில்லை. பாடியில் 60-களிலேயே டிவிஎஸ் ஆலைகள் வந்துவிட்டன; சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 90-களின் தொடக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னச் சின்னப் பட்டறைகள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுத் திண்ணையில் லேத் ஓடும். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தவனுக்குப் பெண் கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் கிடையாது. டர்னர் பிள்ளைக்கு மவுசு அதிகம் என்றே சொல்லலாம். எங்கள் அப்பா என்னை ஐடிஐயில் சேர்க்கப் போன நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அந்த வேட்டியை நான் இங்கே எந்த அப்பா உடம்பிலும் பார்க்கவில்லை. இங்கே பிள்ளை டிவிஇடிக்குப் போகிறான் என்றால் "மெட்ரிக்கில் என்ன ஆச்சு?" என்று விசாரிக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கேள்வி எனக்குத் தெரியும். தொழிலே ஆட்டம் கண்டிருக்கும்போது பிள்ளைகளை அதில் தள்ளலாமா? நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலில் அமெரிக்கா கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அந்த மாதமே அங்கே போகிற நம் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கின. கரிகாவில் (பழைய யூட்டன்ஹேக்) ஒரு டயர் ஆலை மூடி ஏறத்தாழ 900 பேர் வீட்டுக்குப் போனார்கள். சீன வண்டிகள் விலையில் அடிக்கின்றன. நம் பெரிய வாடிக்கை ஐரோப்பா, அங்கே பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு நாள் எண்ணுகிறார்கள். நாம் ஏற்றுமதி செய்கிற பாகங்களில் முதலிடம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு, அதாவது நம் மண்ணில் எடுக்கிற பிளாட்டினத்தை உள்ளே வைத்துப் புகையைச் சுத்தம் செய்கிற டப்பாவுக்கு. மின்சார வண்டிக்குப் புகையே இல்லை, அப்புறம் டப்பா எதற்கு? இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களிடம் பேச எனக்கு மனமில்லை. லைனில் நின்று போல்ட் முறுக்குகிற வேலைக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

நான் கேட்பது டூல் மேக்கர், மில்ரைட் (ஆலை மெஷின்களைப் பொருத்திப் பழுது பார்ப்பவர்), எலக்ட்ரீஷியன், மெக்கட்ரானிக்ஸ். கார் மாறினாலும் இவர்கள் மாற மாட்டார்கள். பேட்டரியை மூடுகிற தட்டுக்கும் டை வேண்டும். மின்சார வண்டி ஆலையில் போடுகிற முதலீட்டுக்கு 2026 மார்ச் முதல் 150 சதவீதம் வருமானவரிக் கழிவு என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. அந்த ஆலை வந்தாலும் அதில் ரோபோ கையைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஆலையே வராவிட்டாலும் ஷாம்பு பாட்டில் மூடிக்கும், ஊசி மருந்துக் குழாய்க்கும், தண்ணீர்க் குழாய் முழங்கைக்கும் மோல்டு வேண்டும். 2022-இல் ஃபோர்டு மறைமலைநகரில் ஆலையை மூடியபோது என் கூடப் படித்தவன் ஒருவன் அங்கே இருந்தான். மூன்று மாதத்தில் பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற கம்பெனியில் டூல் ரூம் தலைவன். நாற்காலியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, இரும்பைப் பற்றித் தெரியும்.

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, இதை மட்டும் தயவுசெய்து திரித்துப் பேசாதீர்கள். என் மகளே பட்டதாரிதான்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். எம். எல். சுல்தானை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவிலிருந்து 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர், டர்பன் ரயில் நிலையத்தில் போர்ட்டராக மூட்டை தூக்கியவர். வியாபாரத்தில் சம்பாதித்த பிறகு எதற்குப் பணம் கொடுத்தார்? இந்தியப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தருகிற கல்லூரிக்கு. 1946-இல் அவர் பெயரிலேயே வந்த அந்தத் தொழில்நுட்பக் கல்லூரி, இன்றைக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது. கைவேலை கற்கக் கதவே இல்லாத காலத்தில் அவர் ஒரு கதவு போட்டார். நாம் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து "எந்தப் பட்டம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: "என்ன தொழில், எங்கே அப்ரண்டிஸ்". அவ்வளவுதான் முதல் வேலை. டிவிஇடியில் கட்டணத்துக்கு அரசு உதவி பல பேருக்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் விழுவது கட்டணத்தில் இல்லை. இரண்டு கோம்பி மாறிப் போகிற காசில் விழுகிறார்கள், பாதுகாப்புக் காலணியில், ஒரு நல்ல வெர்னியர் காலிபரில், டிரேட் டெஸ்ட்டுக்குத் தங்கிப் போகிற செலவில் விழுகிறார்கள். ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு வருஷத்துக்கு நீங்கள் கொடுக்கிற தொகையில் மூன்று பிள்ளைகளுக்கு இதெல்லாம் தாங்கும் என்று என் கணக்கு. கணக்கைக் கமிட்டியில் போட்டுக் காட்டத் தயார்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அப்ரண்டிஸ் என்றால் ஒரு கம்பெனி கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாலு வருஷம் அங்கே வேலை பார்த்தால்தான் டிரேட் டெஸ்ட் எழுதி ஆர்ட்டிசன் ஆக முடியும். இந்தக் கையெழுத்து கிடைக்காமல் என்-2 சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்களில் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எச்.ஆர். மேனேஜர்கள் இருக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு எத்தனை கம்பெனிக்குப் போன் போடுகிறீர்கள்! அதே போனில், அதே ஆளிடம், ஒரு பையனை எடுத்துக்கொள் என்று ஒரு வார்த்தை. பயிற்சி கொடுக்கிற கம்பெனிக்கு மெர்செட்டா என்கிற தொழிற்பயிற்சி அமைப்பிலிருந்து மானியமும் உண்டு, அவர்களுக்கு அது தெரியும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை கோலத்துக்குப் புள்ளி வைத்தால் அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. அந்தக் கண்ணை மோல்டு ஷாப்பில் தங்கத் தட்டில் வைத்து வாங்குவார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஓய்வு பெற்ற டூல் ரூம் ஆட்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரிபேங்கிலும் இருக்கிறார்கள், தேடினால் ஐந்தாறு பேர் கிடைப்பார்கள். ஆளுக்கு ஒரு இரும்புக் கட்டியும் ஓர் அரமும் கொடுங்கள். ஒரு நாள் முழுக்க இழைத்து ஒரு பக்கத்தையாவது மட்டமாக்கட்டும். யாருக்குக் கை வரும், யாருக்கு வராது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். மட்டம் பார்க்க என் மாமனாரின் மூலைமட்டத்தை நான் கொண்டுவருகிறேன்.

அந்தப் பையன் இப்போது ஒரு மொத்த விற்பனைக் கடையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். அவன் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன், எழுதியது தெரிந்தால் சங்கடப்படுவான். தேருக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பின் சக்கரம் இரண்டிலும் சத்தம் வருகிறது, அடுத்த காவடிக்குள் திறந்து பார்க்க வேண்டும். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, கடையில் மத்தியான ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பேரிங் நான் வாங்கி வைத்துவிட்டேன். வகுப்பு முடிந்து மூன்று மணிக்குக் கோயில் பின்புறத்தில் இருப்போம். கமிட்டியிலிருந்து யாராவது ஒருவர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், கிரீஸ் போகாது.

இப்படிக்கு,
மெரிபேங்க் சனிக்கிழமைத் தமிழ் வாத்தியார்